நான்கு சீரியல் போர்ட், இரண்டே ஐஆர்க்யூ: பழைய கணினிகளில் வள மோதல் எழுவது ஏன், தீர்ப்பது எப்படி

தொண்ணூறுகளில் கணினி பழுதுபார்த்தவர்கள் அடிக்கடி எதிர்கொண்ட புகார் ஒன்று உண்டு. மவுஸ் ஒழுங்காக வேலை செய்யும். மோடமும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் மோடம் தொலைபேசி எண்ணைச் சுழற்றத் தொடங்கியதும் மவுஸின் அம்பு திரையில் அப்படியே நின்றுவிடும். மவுஸை மாற்றினாலும் மோடத்தை மாற்றினாலும் புகார் தீராது, ஏனெனில் பழுது இரண்டிலுமே இல்லை. மவுஸ் காம் 1 என்ற சீரியல் போர்ட்டில் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பில்) இருக்கும், கணினிக்குள் செருகிய மோடம் காம் 3 ஆக அமைந்திருக்கும். பெயர் வேறு, முகவரி வேறு, ஆனால் செயலியை அழைப்பதற்கு இரண்டுமே ஐஆர்க்யூ 4 என்ற ஒரே இன்டரப்ட் கம்பியை நம்பியிருக்கும். பழைய சிஎன்சி எந்திரம், எடைமேடை, ஆய்வகக் கருவி போன்றவற்றோடு பிணைந்துபோன கணினிகளைப் பராமரிப்பவர்கள் இன்றும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள்.

சீரியல் போர்ட் ஒன்றுக்குக் கணினியிடமிருந்து இரண்டு வளங்கள் தேவை. பைட்டுகளை அனுப்பவும் பெறவும் செய்யும் அதன் யுஆர்ட் சிப்பில் உள்ள ரெஜிஸ்டர்கள் என்ற சிறு சேமிப்பிடங்களைச் செயலி படிக்கவும் எழுதவும் உள்ளீட்டு வெளியீட்டு முகவரி வேண்டும். ஒவ்வொரு போர்ட்டும் அடுத்தடுத்த எட்டு முகவரிகளை எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு பைட் வந்து சேர்ந்ததும் அதைச் செயலிக்குத் தெரிவிக்க ஓர் ஐஆர்க்யூ வேண்டும். காம் 1, காம் 2 என்பவை இந்த இரண்டும் சேர்ந்த ஓர் அமைப்புக்கு இட்ட பெயர்களே தவிர, தாமே வளங்கள் அல்ல. பெயர் வேறாக இருந்தால் மோதல் இருக்காது என்று நம்புவதே பெரும்பாலான குழப்பங்களுக்குத் தொடக்கம்.

வழக்கத்தில் நிலைத்த பங்கீடு இதுதான். பதினாறு அடிமான எண்முறையில் சொன்னால், காம் 1 முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4; காம் 2 முகவரி 2எஃப்8, ஐஆர்க்யூ 3; காம் 3 முகவரி 3இ8, ஐஆர்க்யூ மீண்டும் 4; காம் 4 முகவரி 2இ8, ஐஆர்க்யூ மீண்டும் 3. முகவரிகள் நான்கு, ஐஆர்க்யூ இரண்டு. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் 8259 வகை இன்டரப்ட் கன்ட்ரோலர் ஒன்றே இருந்தது. அதற்கு எட்டுக் கம்பிகள். கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, பிரிண்டருக்கு 7 என்று ஒதுக்கிய பிறகு, சீரியல் தொடர்புக்கு 3, 4 என்ற இரண்டு மட்டும் கிடைத்தன. 1984ஆம் ஆண்டின் பிசி ஏடி கணினியில் இரண்டாவது கன்ட்ரோலர் சேர்ந்து 8 முதல் 15 வரையிலான எண்கள் புதிதாக வந்தபோதும், பழைய மென்பொருள்கள் கெடாமல் ஓட வேண்டும் என்பதற்காக சீரியல் போர்ட்டுகளின் இடம் மாற்றப்படவில்லை. மூன்றாவது, நான்காவது போர்ட்டுகளைக் கார்டு தயாரிப்பாளர்கள் சேர்க்கத் தொடங்கியபோது, இருந்த இரண்டு கம்பிகளிலேயே அவற்றையும் தொங்கவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்ற எண்ணம் அன்றைக்கு நியாயமாகவே இருந்திருக்கும். சீரியல் மவுஸ் வீட்டுக்கு வீடு வந்த பிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை, ஏனெனில் கணினி ஓடும்வரை மவுஸும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரே கம்பியை இருவர் பகிர்ந்துகொள்ள முடியாதது ஏன் என்ற கேள்விக்கு விடை, அக்காலக் கணினிகளில் கார்டுகளை மதர்போர்டோடு இணைத்த ஐஎஸ்ஏ பஸ்ஸின் மின்னமைப்பில் இருக்கிறது. அதில் இன்டரப்ட் என்பது கம்பியின் மின்னழுத்தம் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் அந்தக் கணத்தைத்தான் குறிக்கிறது. உயர்நிலையில் இருப்பதை அல்ல. இரண்டு வாசல்களுக்கு ஒரே அழைப்பு மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு வாசலில் ஒருவர் பொத்தானை அழுத்தியபடியே நிற்கும்போது மறு வாசலில் அழுத்துபவரின் அழைப்பு வீட்டுக்குள் கேட்பதே இல்லை. மோடத்தின் யுஆர்ட் கம்பியை உயர்த்தி வைத்திருக்கும் வேளையில் மவுஸின் யுஆர்ட்டும் உயர்த்தினால், புதிய ஏற்றம் எதுவும் நிகழாததால் கன்ட்ரோலர் அதை அறியாது. மோடத்தின் டிரைவர் தன் சிப்பை மட்டும் கவனித்துவிட்டுத் திரும்பினால், மவுஸின் சிப் கம்பியை விடாமல் பிடித்திருக்கும். அதன் பிறகு இருவரில் எவருக்கும் இன்டரப்ட் கிடைக்காமல் போகலாம். இது தர்க்க அளவிலான சிக்கல். இதற்கும் கீழே வெறும் மின்சாரச் சிக்கல் ஒன்றும் உண்டு: இரண்டு கார்டுகளும் ஒரே கம்பியை இயக்கும்போது ஒன்று மேலே இழுக்க மற்றது கீழே இழுக்கும். பிசியின் சீரியல் கார்டுகளில் யுஆர்ட்டின் அவுட் 2 என்ற வெளியீடு ஒரு கதவுபோலச் செயல்பட்டு, போர்ட் பயன்பாட்டில் இல்லாதபோது கார்டைக் கம்பியிலிருந்து விலக்கிவைக்கிறது. காம் 1, காம் 3 இரண்டும் ஒரே கணினியில் இருந்தும் ஒன்றை மட்டும் திறந்து பயன்படுத்தும்வரை எந்தத் தொல்லையும் வராததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் இதோடு இன்னொரு அடுக்கும் சேர்கிறது. ஐஆர்க்யூ 4 வந்தால் எந்த நிரல்துண்டை ஓட்ட வேண்டும் என்பதை 0சி எண்ணுள்ள இன்டரப்ட் வெக்டர் சொல்கிறது. ஐஆர்க்யூ 3க்கு 0பி. மவுஸ் டிரைவர் முதலில் அந்த இடத்தில் தன் முகவரியை எழுதிவைக்கும். பிறகு தொடர்பு மென்பொருளைத் திறந்தால், அது அதே இடத்தில் தன் முகவரியை எழுதிக்கொண்டு, பழையவருக்கு எதையும் கடத்தாமல் இருந்துவிடும். மென்பொருளை மூடும்போது பழைய முகவரி திரும்ப எழுதப்படுவதால் மவுஸ் சில வேளைகளில் உயிர்பெற்றுவிடும். "மூடினால் சரியாகிவிடுகிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால், அதுவே ஐஆர்க்யூ மோதலுக்கு நல்ல தடயம்.

முகவரி மோதல் இதைவிட அரிது. ஆனால் கண்டுபிடிக்கக் கடினமானது. இரண்டு போர்ட்டுகளுக்கும் ஒரே முகவரியை ஜம்பரில் (கார்டின் ஊசிகளை இணைத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு செருகியில்) வைத்துவிடுவது எளிதில் புலப்படும் பிழை. மதர்போர்டில் ஏற்கெனவே காம் 2 இருக்க, உள்மோடத்தையும் காம் 2 என்று அமைத்தால் இரண்டும் 2எஃப்8 முகவரியில் ஒரே குரலில் பதில் சொல்ல முயன்று, பெரும்பாலும் இரண்டுமே கணினிக்குத் தெரியாமல் போகும். நான்காவது போர்ட்டின் கதை வேறு. முதல் பிசியில் கார்டுகள் முகவரியின் கடைசிப் பத்து பிட்டுகளை மட்டுமே பார்த்தன. மேலே உள்ள ஆறு பிட்டுகளை அவை பொருட்படுத்தவில்லை. பின்னர் வந்த ஐபிஎம் 8514/ஏ வீடியோ கார்டும், அதன் வழியைப் பின்பற்றிய எஸ்3 சிப் கார்டுகளும் 42இ8, 82இ8, 9ஏஇ8 போன்ற பதினாறு பிட் முகவரிகளைப் பயன்படுத்தின. இவற்றின் மேல் ஆறு பிட்டுகளை நீக்கிப் பார்த்தால் மிஞ்சுவது எல்லாவற்றிலும் 2இ8, அதாவது காம் 4. திரையில் ஒரு படம் வரையப்படும்போதெல்லாம் சீரியல் கார்டு தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும். மோடத்தில் பேசினால் திரையில் கோளாறு, திரையில் வரைந்தால் மோடத்தில் குப்பை எழுத்து. இத்தகைய வீடியோ கார்டு உள்ள கணினியில் காம் 4 ஐ மறந்துவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். எந்த ஐஆர்க்யூவை மாற்றினாலும் இது தீராது.

அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தால் எந்த வளத்தில் மோதல் என்பது பாதியளவு தெரிந்துவிடும். போர்ட்டே கண்ணில் படவில்லை, கணினி தொடங்கும்போதே உறைகிறது, திரையில் குப்பை வருகிறது என்றால் முகவரியைச் சந்தேகிக்கலாம். போர்ட் இருப்பதாகத் தெரிகிறது, கட்டளைகள் போய்ச் சேருகின்றன, ஆனால் பதில் வரவில்லை அல்லது நீண்ட இடைவெளிக்குப் பிறகு துண்டு துண்டாக வருகிறது என்றால் ஐஆர்க்யூவைப் பார்க்க வேண்டும். இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று: டாஸின் மோட் கட்டளையும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் சீரியல் சேவையும் இன்டரப்டைப் பயன்படுத்துவதே இல்லை, ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்து வேலையை முடித்துக்கொள்கின்றன. ஆகவே அவற்றின் வழியாக ஒரு கோப்பை வெளியே அனுப்பிப் பார்த்து "போர்ட் சரியாக இருக்கிறது" என்று முடிவுகட்டினால், சரிபார்த்தது முகவரியை மட்டுமே.

பயாஸ் கண்டறிந்த போர்ட்டுகளின் முகவரிகள் நினைவகத்தில் 0040:0000 என்ற இடத்திலிருந்து எட்டு பைட்டுகளில், போர்ட்டுக்கு இரண்டு பைட்டாக எழுதப்பட்டிருக்கும். டாஸின் டிபக் நிரலில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னால், இரண்டு போர்ட்டுகள் உள்ள கணினியில் "எஃப்8 03 எஃப்8 02 00 00 00 00" என்று தெரியும். கீழ் பைட் முதலில் வருவதால் 3எஃப்8 தலைகீழாகத் தோன்றுகிறது. உள்மோடம் காம் 3 என்று அமைக்கப்பட்டிருந்தும் மூன்றாவது இடத்தில் பூச்சியம் இருந்தால் கார்டு பழுது என்று பதற வேண்டியதில்லை. பழைய பயாஸ்கள் முதல் இரண்டு முகவரிகளைத் தவிர வேறு எதையும் தேடிப்பார்ப்பதில்லை. இன்னொரு வினோதமும் உண்டு. 3எஃப்8 போர்ட்டை நிறுத்திவிட்டு 2எஃப்8 ஐ மட்டும் வைத்திருந்தால், பயாஸ் அதைப் பட்டியலின் முதல் இடத்தில் எழுதிவிடும். டாஸுக்கு அதுவே காம் 1. ஆனால் சிப்போடு நேரடியாகப் பேசும் தொடர்பு மென்பொருளுக்குக் காம் 1 என்றால் 3எஃப்8தான். ஒரே கணினியில் ஒரே போர்ட் ஒரு நிரலுக்குத் தெரிந்து இன்னொன்றுக்குத் தெரியாமல் இருப்பது இதனால்தான்.

மைக்ரோசாஃப்ட் டயக்னாஸ்டிக்ஸ் நிரலும் பயன்படும், ஆனால் அளவோடு நம்ப வேண்டும். ஐஆர்க்யூ பட்டியலில் அது தரும் விளக்கம் வழக்கமான பங்கீட்டைச் சொல்கிறதே தவிர, ஜம்பர் எந்த ஊசிகளில் இருக்கிறது என்பதை அல்ல. ஐஎஸ்ஏ கார்டின் ஐஆர்க்யூவைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி கணினியைத் திறந்து கார்டைப் பார்ப்பதுதான்.

திறந்து பார்த்தபின் வேலை கணக்குப் போடுவதுதான். பென்டியம் காலத்துக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காம் 1 போர்ட்டில் சீரியல் மவுஸ். மதர்போர்டில் எதுவும் செருகாத காம் 2. காம் 3 ஆக அமைந்த உள்மோடம். 220 முகவரியில் ஐஆர்க்யூ 5 உடன் சவுண்ட் பிளாஸ்டர் 16. 300 முகவரியில் ஐஆர்க்யூ 3 உடன் என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு. ஐஆர்க்யூ 7 உடன் பிரிண்டர் போர்ட். மவுஸும் மோடமும் 4 இல் மோதுகின்றன. மோடத்தை 5க்கு நகர்த்தினால் சவுண்ட் கார்டு குறுக்கே நிற்கிறது. 3க்கு நகர்த்தினால் காம் 2 போர்ட்டும் நெட்வொர்க் கார்டும் இருக்கின்றன. 10, 11 போன்ற மேல் எண்கள் காலியாக இருந்தும் மோடத்துக்கு உதவாது, ஏனெனில் அந்தக் கம்பிகள் பதினாறு பிட் ஸ்லாட்டின் நீட்சிப் பகுதியில் மட்டுமே இருக்கின்றன. அக்கால உள்மோடங்கள் பலவும் எட்டு பிட் கார்டுகள், அந்தக் கம்பிகளைத் தொடவே தொடாது.

ஆகவே நகர முடியாததை முதலில் உட்காரவைத்துவிட்டு, எளிதில் நகரக்கூடியதை விளிம்புக்குத் தள்ளுவதே முறை. மவுஸ் காம் 1, ஐஆர்க்யூ 4 என்று இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பயாஸ் அமைப்பில் மதர்போர்டின் இரண்டாவது சீரியல் போர்ட்டை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். கேபிளைக் கழற்றிவைப்பது போதாது, ஏனெனில் கேபிள் இல்லாவிட்டாலும் சிப் முகவரியையும் ஐஆர்க்யூவையும் பிடித்தேயிருக்கும். நெட்வொர்க் கார்டு பதினாறு பிட் நகல் கார்டாக இருந்தால், அதனுடன் வரும் அமைப்பு நிரலின் மூலம் அதை ஐஆர்க்யூ 10க்கு மாற்றலாம். இப்போது 2எஃப்8 முகவரியும் ஐஆர்க்யூ 3உம் முழுமையாகக் காலி; உள்மோடத்தின் ஜம்பர்களைக் காம் 2 என்று வைத்தால் அது யாரோடும் மோதாது. சவுண்ட் கார்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. டாஸ் விளையாட்டுகள் பலவும் அதை 220, 5 என்ற இணையிலேயே தேடுவதால் அதைத் தொடாமல் விடுவது நல்லதும்கூட. மோடம் வெளியில் வைக்கும் வகையாக இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை: வெளிமோடம் மதர்போர்டின் காம் 2 ஐயே பயன்படுத்தும், உள்மோடம்தான் தனக்கென்று ஒரு யுஆர்ட்டைச் சுமந்து வந்து மூன்றாவது போர்ட்டாகிறது. விலை சற்று கூடினாலும் வெளிமோடமே மேல் என்று அனுபவசாலிகள் சொல்லிவந்ததில் உண்மை இருந்தது. மவுஸை பிஎஸ்/2 வகைக்கு மாற்றினால் அது ஐஆர்க்யூ 12க்குப் போய்விடும் என்பதும் ஒரு நல்ல வழிதான், மதர்போர்டில் அந்தச் சாக்கெட் இருக்குமானால்.

கார்டை மாற்றியமைத்தால் மட்டும் போதாது. இயங்குதளத்துக்கும் அதைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 3.1 இல் கன்ட்ரோல் பேனலின் போர்ட்ஸ் பகுதியில் உள்ள உயர்நிலை அமைப்புகளில் முகவரியையும் ஐஆர்க்யூவையும் மாற்றினால் அது சிஸ்டம் ஐஎன்ஐ கோப்பில் பதிவாகும். ஐஆர்க்யூ பகிர்வுக்கென்றும் அதில் ஒரு வரி உண்டு. பகிர்வை ஏற்கும் மைக்ரோ சேனல், ஈஐஎஸ்ஏ பஸ் உள்ள கணினிகளுக்காக வந்த அந்த வரியைச் சாதாரண ஐஎஸ்ஏ கணினியில் இயக்கிவைப்பதால் மின்கம்பியின் இயல்பு மாறிவிடாது. விண்டோஸ் 95 இல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி தோன்றும். அந்தச் சாதனத்தின் ரிசோர்சஸ் பக்கத்தில் தானியங்கி அமைப்பை நீக்கினால், எதோடு மோதுகிறது என்பது அடியிலேயே தெரியும். அகற்றிய பழைய போர்ட்டின் பதிவு மறைந்தபடி எஞ்சியிருந்து எண்களைக் குழப்புவதும் உண்டு. சேஃப் மோடில் தொடங்கினால் அத்தகைய இரட்டைப் பதிவுகள் கண்ணுக்குத் தெரியும், அங்கேயே நீக்கிவிடலாம். லினக்ஸில் செட்சீரியல் கட்டளை முகவரியையும் ஐஆர்க்யூவையும் கர்னலுக்குச் சொல்லுமே தவிர, கார்டில் எதையும் மாற்றாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஐஆர்க்யூ 5 என்று கொடுத்தேன், ஆனாலும் வேலை செய்யவில்லை" என்று திகைத்தவர்கள் ஏராளம்.

இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1993ஆம் ஆண்டில் முன்வைத்த ஐஎஸ்ஏ பிளக் அண்டு பிளே முறை ஜம்பர்களை ஒழித்தது. மோதலை உடனே ஒழித்துவிடவில்லை. தானாக அமையும் கார்டும் ஜம்பர் கார்டும் ஒரே பெட்டியில் இருந்தபோது, ஜம்பர் கார்டு எதைப் பிடித்திருக்கிறது என்று பயாஸுக்குத் தெரியவே தெரியாது. பயாஸ் அமைப்பில் குறிப்பிட்ட ஐஆர்க்யூவை லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்கிவைக்கும் பகுதி இதற்காகவே வந்தது. அந்த ஒதுக்கீட்டைச் செய்யாமல் விட்டால், நேற்றுவரை ஓடிய மோடம் ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ வகைக் கார்டு ஒன்றைப் புதிதாகச் செருகியதும் நின்றுபோகும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் வள மோதல் என்று சொல்லிவிடவும் கூடாது. நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 87 மைக்ரோநொடி. 8250, 16450 வகை யுஆர்ட்டுகளால் வந்த பைட் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும். அடுத்தது வருவதற்குள் செயலி அதை எடுக்காவிட்டால் பழையது அழிந்துவிடும். 16550ஏ சிப்பில் பதினாறு பைட் இடம் இருப்பதால் செயலிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. கோப்பு இறக்கம் நடுநடுவே பிழை காட்டி, வேகத்தை 9600க்குக் குறைத்ததும் ஒழுங்காகிவிட்டால், அங்கே ஜம்பரைத் தேடுவது வீண். யுஆர்ட்டை மாற்ற வேண்டும். மோதல் என்றால் வேகத்தைக் குறைத்தாலும் போகாது.

பிசிஐ பஸ்ஸில் இன்டரப்ட் மின்னழுத்தத்தின் ஏற்றத்தை அல்ல, நிலையைப் பொறுத்தது. அதனால் பல கார்டுகள் ஒரே கம்பியைப் பகிர்வது அங்கே இயல்பானது. அதற்கு முன்பே ஏஎஸ்டி ஃபோர்போர்ட் போன்ற ஐஎஸ்ஏ கார்டுகள், நான்கு போர்ட்டுகளுக்கும் ஒரே ஐஆர்க்யூவை வைத்துக்கொண்டு, அழைத்தது எந்தப் போர்ட் என்று சொல்லத் தனி ரெஜிஸ்டர் ஒன்றைக் கொடுத்தன. ஒரே கார்டுக்குள் பகிர்வது சாத்தியம், இரண்டு கார்டுகளுக்கிடையேதான் சிக்கல் என்பதற்கு இது சான்று. ஆனால் பிசிஐ சீரியல் கார்டு வேறொரு தலைவலியைக் கொண்டுவருகிறது. அதன் போர்ட்டுகள் 3எஃப்8 இல் அமர்வதில்லை. பயாஸ் ஒதுக்கும் ஏதோ ஓர் உயர் முகவரியில் அமரும். விண்டோஸில் அதற்குக் காம் 1 என்று பெயரிட்டாலும், எந்திரத்தோடு வந்த பழைய டாஸ் நிரல் 3எஃப்8 ஐயும் ஐஆர்க்யூ 4 ஐயும் நேரடியாகத் தேடி, எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். யுஎஸ்பி மாற்றிக்கும் இதே நிலைதான். அதற்கு அப்படிப்பட்ட முகவரியே கிடையாது. இத்தகைய எந்திரத்துக்கு மாற்றுக் கணினி தேடுபவர்கள், பின்பக்கம் சீரியல் சாக்கெட் இல்லாவிட்டாலும் மதர்போர்டில் காம் என்று குறித்த ஊசிவரிசை இருக்கிறதா, பயாஸ் அமைப்பில் அதற்கு 3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்ற தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.